ரயிலுக்கும் வீட்டுக்கும் பணம் எந்தப் பையிலிருந்து?

ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்கு வருபவருக்கு மருத்துவமனையின் அருகே வீடு கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகும் வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளி, வேறொரு நகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கிருந்து முதல் பேருந்து ஐந்தரைக்குத்தான் கிளம்புகிறது என்பதால் அவர் தவணையில் ஒரு வண்டி வாங்குகிறார். வாடகையில் மிச்சம் பிடித்தது வண்டித் தவணைக்கும் எரிபொருளுக்கும் போய்விடுகிறது. மருத்துவமனை இருக்கும் நகரம் அந்தக் கட்டடத்தாலும் அதைச் சுற்றி நடக்கும் வணிகத்தாலும் வரி பெறுகிறது. அவர் குடியிருக்கும் நகராட்சி அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கும் தெருவின் வடிகாலுக்கும் செலவு செய்கிறது. பேருந்து நிறுவனமோ தன் எல்லையோடு நின்றுவிடுகிறது. மூன்று தரப்பின் கணக்கும் அவரவர் புத்தகத்தில் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் கணக்கு மட்டும் இடிக்கிறது.

இந்த இரட்டைச் செலவை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அண்மைக் காலத்தில்தான் வந்தது. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் போதும் என்ற பழைய விதியை விட்டு, வீடும் பயணமும் சேர்ந்து 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் அக்கம்பக்கத் தொழில்நுட்ப மையம் முன்வைத்த கணக்கு பல வட்டார அமைப்புகளின் திட்டங்களில் இடம்பெற்றிருக்கிறது. செலவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கான பணத்தையும் சேர்த்தே திரட்டலாமே என்று கேட்பது இயல்பு. பல நகராட்சிகள் அடங்கிய ஒரு பெருநகர வட்டாரம் அப்படித் தீர்மானித்துவிட்டால், அதன் முன்னே நான்கைந்து வழிகள் இருக்கின்றன. நில மதிப்பின் உயர்வைப் பிடிப்பது, விற்பனை வரி, சொத்து வரியை ஈடாக வைத்து வெளியிடும் கடன் பத்திரம், சாலை நெரிசல் கட்டணம், வேலை தருவோர் மீது சம்பளக் கணக்கில் விதிக்கும் வரி ஆகியவை அவை.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எது அதிகம் தரும், எதை எளிதில் வசூலிக்கலாம் என்ற இரண்டையும் பார்க்கிறார்கள். நான் அவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன்: இந்தப் பணம் தன்னை வசூலிக்கிறவரை எதற்கு ஆசைப்பட வைக்கும்? ஒவ்வொரு வருவாய் வழியும் அதை நம்பியிருக்கும் அமைப்புக்கு ஒரு சொந்த நலனை உண்டாக்கிவிடுகிறது. அந்த நலன் குறைந்த வாடகை வீட்டுக்கு எதிராக இருந்தால், சட்டத்தின் முகவுரையில் எவ்வளவு நல்ல சொற்கள் இருந்தாலும் வீடு எழும்பாது.

நில மதிப்பைப் பிடிப்பதில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ரயில் நிலையம் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறுகிறது. ஏற்றத்தை உண்டாக்கியது பொதுப்பணம் என்பதால் அதில் ஒரு பங்கு பொதுப்பைக்கே திரும்ப வேண்டும் என்பது யாரும் மறுக்க முடியாத நியாயம். 1975இல் அமைக்கப்பட்ட ஹாங்காங் ரயில் நிறுவனம் இதைச் செய்யும் முறை உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. நிலையத்தின் மேலும் பணிமனைகளின் மேலும் கட்டடம் எழுப்பும் உரிமையை, ரயில் வருவதற்கு முன்பிருந்த நில மதிப்பின்படி அரசு அந்த நிறுவனத்துக்கு அளிக்கிறது. நிறுவனம் கட்டுமான நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளி கோருகிறது; கட்டும் செலவையும் அதன் இடரையும் பெரும்பாலும் அவர்கள் ஏற்கிறார்கள்; விற்றபின் லாபத்தில் ரயில் நிறுவனத்துக்குப் பங்கு வருகிறது. ரயில் வருமுன் இருந்த விலைக்கும் வந்தபின் நிற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் இருப்புப் பாதையின் மூலதனம். கையேந்தாமல் ரயில் கட்டிய ஊர் என்று ஹாங்காங்கைப் பாராட்டுவது தவறல்ல.

ஆனால் அந்த இடைவெளி விரிய விரியத்தான் நிறுவனத்துக்கு லாபம். நிலையத்தின் மேல் எழும் ஒரு வீட்டை ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால், அந்த வீட்டின் அளவுக்கு ரயில் பணம் குறைகிறது. உலகில் வீட்டு விலை மிக எட்டாத நகரங்களின் வரிசையில் ஹாங்காங் ஆண்டுக்கணக்காக முன்னால் நிற்பதற்கு ரயில் நிறுவனம் மட்டும் காரணமில்லை. இருந்தாலும், விலை இறங்குவதை விரும்பாத வலுவான தரப்புகளில் அரசுக்கே பெரும்பங்கு உரிமையுள்ள அந்த நிறுவனமும் ஒன்று. அங்கே எளியவர்கள் குடியிருக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் தனிக் கதை: 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்த பிறகு அரசு தொடங்கிய பொது வீட்டுத் திட்டம். மக்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இன்று ஏதோ ஒரு வகைப் பொது வீட்டில் இருக்கிறார்கள். ரயில் லாபம் அந்த வீடுகளைக் கட்டவில்லை; வேறு பையும் வேறு நிலமும் கட்டின. ஹாங்காங்கின் ரயில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற வட்டாரங்கள் இந்த மறுபாதியைக் கவனிப்பதில்லை.

கோபன்ஹேகன் இன்னொரு பாடம். நகருக்குத் தெற்கே கிடந்த பொது நிலத்தில் ஓரஸ்டாட் என்ற புதுப் பகுதியை எழுப்பி, மனைகளை விற்கும் பணத்தில் மெட்ரோ கட்டுவது என்று 1992இல் சட்டம் இயற்றினார்கள். 2002இல் ரயில் ஓடத் தொடங்கியது. மனைகளோ எதிர்பார்த்த வேகத்தில் விற்கவில்லை. கடன் அடைபடும் காலம் தள்ளிப்போனது. கடன் கழுத்தை நெரிக்கும்போது நல்ல விலைக்குக் கேட்பவருக்கே மனை போகும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு பெரிய பேரங்காடி அங்கே சீக்கிரம் வந்துவிட்டது. புதுக் குடியிருப்புப் பகுதிகளில் 25 விழுக்காடு வரை குறைந்த வாடகைப் பொதுநல வீடுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் டென்மார்க்கின் நகராட்சிகளுக்கு 2015இல்தான் கிடைத்தது. அதற்குள் நல்ல மனைகளில் பல கைமாறியிருந்தன.

ஆகவே நில மதிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். ரயில் தடத்தை அறிவிக்கும் நாளுக்கு முன்பே வீட்டுக்கான மனைகளை வாங்கி ஒதுக்கி, விற்கக்கூடாதவை என்று பூட்டிவிட்டு, மிஞ்சிய நிலத்தில் மட்டும் லாபம் தேட வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாள் தரகர்கள் அந்த நிலத்தில் நிற்பார்கள். அதற்குப் பிறகு வாங்கினால் தன் ரயிலே ஏற்றிவிட்ட விலையைத் தானே கட்ட நேரும்.

விற்பனை வரி வேறு வகையான ஆசையை வளர்க்கிறது. வசூல் எளிது, ஒவ்வொருவரிடமிருந்தும் சில காசுகள்தான் போகின்றன, பெரிதாக முணுமுணுப்பு எழாது. வருமானத்தில் பெரும்பகுதியைக் கடையில் செலவிடும் ஏழைக்கு அதன் பாரம் கூடுதல் என்பதும், ஊரடங்கோ மந்தமோ வந்தால் வசூல் விழும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது, நகராட்சி மட்டத்தில் அது நிலப் பயன்பாட்டைத் திரிப்பதுதான். கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டிய பிறகு, விற்பனை வரியில் பங்கு கிடைக்கும் நகராட்சிகளுக்குப் பெருங்கடையும் வாகன விற்பனை நிலையமும் செல்வமாகவும், அடுக்குமாடி வீடு செலவாகவும் தெரிந்தன. நெடுஞ்சாலை ஓரத்து நல்ல மனை கடைக்கு ஒதுக்கப்பட்டதும் வீட்டுக்கு மறுக்கப்பட்டதும் யாருடைய கொடுமையும் அல்ல. கணக்கு அப்படிச் சொல்லியது.

அதே வரியை வட்டார மட்டத்துக்கு உயர்த்தினால் இந்தக் கோணல் பெரிதும் நிமிர்ந்துவிடுகிறது, ஏனெனில் கடை எந்த ஊரில் இருந்தாலும் பணம் ஒரே பைக்குத்தான் வருகிறது. மினசோட்டா மாநிலம் மினியாபொலிஸ், செயின்ட் பால் பெருநகரத்தின் ஏழு மாவட்டங்களில் 2023இல் செய்தது இதுதான்: போக்குவரத்துக்கு 0.75 விழுக்காடும் வீட்டுக்கு 0.25 விழுக்காடும், பொதுவாக்கெடுப்பு இல்லாமல், சட்டமன்றமே விதித்தது. இரண்டு தேவைகளுக்கும் ஒரே நாளில், ஒரே எல்லைக்குள், தனித்தனியாகப் பெயரிட்டுப் பணம் பிரித்த எடுத்துக்காட்டுகள் அரிது. அந்த வட்டாரத்துக்கு ஐம்பதாண்டுப் பழக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1971இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே வணிக, தொழில் சொத்து மதிப்பின் வளர்ச்சியில் 40 விழுக்காட்டை ஒரு பொதுக் குவியலில் சேர்த்து, வரி வளம் குறைந்த ஊர்களுக்குச் சாதகமாகப் பகிர்கிறார்கள். பக்கத்து ஊரில் அலுவலகம் வந்தால் நமக்கும் கொஞ்சம் வரும் என்று தெரிந்த நகராட்சி, வீட்டை வேண்டாத விருந்தாளியாகப் பார்க்க வேண்டிய தேவை சற்றே குறைகிறது.

கடன் பத்திரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது உண்மையில் வருவாய் வழியே அல்ல. நாளைய சொத்து வரியை இன்றே செலவிடும் உத்தி. வீடு கட்டுவதற்கு அது பொருந்துகிறது, ஏனெனில் வீடு ஒருமுறை கட்டினால் ஐம்பது ஆண்டு நிற்கும். பேருந்து ஓட்டுநரின் மாதச் சம்பளத்துக்கு அது பொருந்தாது. ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் வட்டாரத்தில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு வட்டார மன்றம் உண்டு. 2018இல் வாக்காளர்கள் அதற்கு 65.28 கோடி டாலர் வீட்டுக் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 2020 மே மாதம் வீடற்றோருக்கான சேவைகளுக்கு உயர் வருமான வரியையும் ஏற்றார்கள். அதே மன்றம் அதே ஆண்டு நவம்பரில் போக்குவரத்துக்காகச் சம்பள வரி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். தொற்றுக் காலத்தில் வேலை தருவோர் மீது வரியா என்ற பெருநிறுவனங்களின் எதிர்ப்பு ஒரு காரணம். வீட்டையும் ரயிலையும் தனித்தனியாக மக்கள் முன் வைத்தால் ஒன்று தேறி ஒன்று விழும் என்பதும் இதில் தெரிகிறது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் கதை இன்னும் கடினம். ஒன்பது மாவட்டங்கள், நூற்றொரு நகராட்சிகள், இருபதுக்கும் மேற்பட்ட போக்குவரத்து நிறுவனங்கள். 2019 சட்டத்தின்படி அமைந்த வட்டார வீட்டு நிதி அமைப்பு, 2,000 கோடி டாலர் பத்திரத்தை 2024 நவம்பர் வாக்குச்சீட்டில் வைக்க முன்வந்து, ஆகஸ்டிலேயே விலக்கிக்கொண்டது. இத்தகைய பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற மாநில விதியை 55 விழுக்காடாகத் தளர்த்தும் முன்மொழிவும் அதே தேர்தலில் தோற்றது. திட்டம் வரைய ஓர் அமைப்பு, நிதிக்கு ஓர் அமைப்பு என்று எல்லாம் இருந்தும், வரி போடும் அதிகாரம் மட்டும் வாக்குப்பெட்டியின் உயரமான அலமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை.

நெரிசல் கட்டணம் போக்குவரத்தைச் சீராக்கும் கருவி. வட்டார நிதியின் தூணாக அதை நடுவது பிழை. லண்டனில் 2003 முதலும், 2006 சோதனைக்குப் பின் 2007 முதல் ஸ்டாக்ஹோமிலும், 2025 ஜனவரி முதல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தென்பகுதியிலும் அது இயங்குகிறது. கட்டணம் தன் வேலையைச் சரியாகச் செய்தால் கார்கள் குறையும், கார்கள் குறைந்தால் வசூலும் குறையும். இதை நம்பி முப்பதாண்டுக் கடன் வாங்கிய அமைப்பு, கார்கள் ஒரேயடியாகக் குறைந்துவிடக் கூடாதே என்று உள்ளூர வேண்டத் தொடங்கும். வீட்டுக்கும் இதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை.

மிஞ்சுவது வேலை தருவோர் வரி. என் கட்சி இதன் பக்கம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், குறைகளோடு சேர்த்தே. பிரான்ஸ் 1971இல் பாரிஸ் வட்டாரத்துக்காக ஒரு சட்டம் இயற்றி, நிறுவனங்கள் தரும் சம்பளத்தின் மீது போக்குவரத்துப் பங்களிப்பு ஒன்றை விதித்தது. 1973 முதல் மற்ற நகரங்களுக்கும் அது விரிந்தது. இன்று பதினோரு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதைக் கட்டுகின்றன. பாரிஸ் நகரத்தில் 2024 முதல் வீதம் 3.20 விழுக்காடு. ரயிலும் பேருந்தும் நாள்தோறும் ஓடுவதற்கான செலவைத் தாங்கும் மிகப் பெரிய தூண் அதுவே. வீட்டுப் பக்கம் இதற்கு ஒரு மூத்த சகோதரனும் உண்டு: வேலை செய்பவர்களின் வீட்டுக்காக நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காடு தர வேண்டும் என்று 1953இல் கட்டாயமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இன்று அது 0.45 விழுக்காடாகச் சுருங்கியிருந்தாலும், பழக்கத்தில் ஒரு விழுக்காட்டு வீடு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வரியை நம்பியிருக்கும் அமைப்பு எதற்கு ஆசைப்படும்? வேலைகள் பெருக வேண்டும், வேலைக்கு ஆட்கள் வந்து சேர வேண்டும் என்றே ஆசைப்படும். நிலத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை; பணியாளர்கள் குடியேற முடியாமல் நிறுவனங்கள் வெளியேறினால்தான் கவலை. குறைந்த வாடகை வீட்டின் நலனும் வரி வாங்குபவரின் நலனும் ஒரே திசையில் பார்ப்பது, நான் பார்த்த வழிகளில், இங்கே மட்டும்தான். முதலில் சொன்ன மருத்துவமனைக்கே திரும்பினால், அந்தத் துப்புரவுப் பணியாளரின் பயணத்தால் பயன்பெறுவது யாரோ அவரிடமே பணம் கேட்கப்படுகிறது.

வியன்னா இதை இன்னும் எளிமையாகச் செய்கிறது. ஒவ்வொரு பணியாளருக்கும் வாரத்துக்கு 2 யூரோ என்று நிறுவனங்கள் நகருக்குச் செலுத்துகின்றன. மக்கள் அதைச் சுரங்க ரயில் வரி என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கென்று சம்பளத்தில் ஒரு சிறு பங்கு போகிறது, பாதி பணியாளர், பாதி நிறுவனம். இந்தப் பணம் நிலத்தில் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க நகரின் கிழக்கு விளிம்பில், பழைய விமானத் தளத்தில் எழும் ஆஸ்பர்ன் ஏரி நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே சுரங்க ரயிலின் இரண்டாம் தடம் 2013 அக்டோபரில் போய்ச் சேர்ந்தது. முதல் குடும்பங்கள் சாமான்களோடு வந்தது 2014இல். ஆளில்லாத மண்மேடுகளுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் நடுவே ஒரு முழு ரயில் நிலையம் மாதக்கணக்கில் காத்திருந்தது என்பது கணக்கர்களுக்கு வீண்செலவாகத் தெரியலாம். குடிவருகிற குடும்பம் கார் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாரத்தில் ரயில் அங்கே இருந்தது. வீடு முதலில், பேருந்து பிறகு என்று கட்டிய புறநகர்களில் அந்த முடிவு எப்போதும் காரின் பக்கமே சாய்ந்திருக்கிறது; ஒருமுறை வாங்கிய காரை யாரும் திருப்பித் தருவதில்லை.

வியன்னாவைச் சொன்னால் ஓர் எதிர்வாதம் உடனே வரும், அது நியாயமானதும்கூட. அது ஒரே நேரத்தில் நகரமாகவும் மாநிலமாகவும் இருக்கிறது. வரி, நிலம், கட்டட விதி மூன்றும் ஒரே கூரைக்குள். நூறு நகராட்சிகள் கொண்ட வட்டாரத்துக்கு அந்த வசதி இல்லை. சம்பள வரிக்குச் சொந்தக் குறைகளும் உள்ளன. எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் அப்பால் அலுவலகத்தை நகர்த்தும் நிறுவனம், சம்பள உயர்வைக் குறைத்து வரியைப் பணியாளர் தலையிலேயே கட்டும் முதலாளி, சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத ஒப்பந்த ஓட்டுநர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் என்று ஓட்டைகள் பல. எல்லையை வேலைக்கு வரும் பயணத்தின் அளவுக்கு அகலமாக வரைந்தால் முதல் ஓட்டை அடைபடும். மற்றவை முழுதும் அடைபடா.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பணம் மட்டும் வீடு கட்ட இடம் தராது. பிரான்ஸின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நகராட்சிகளில் 20 விழுக்காடு பொதுநல வீடு வேண்டும் என்றது. 2013இல் பெரும்பாலான இடங்களில் அது 25 ஆனது. எட்டாதவை அபராதம் கட்ட வேண்டும். பாரிஸை ஒட்டிய வசதி மிக்க நெய்யி நகராட்சி அபராதத்தைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளியது. பணக்கார ஊருக்கு அபராதம் ஒரு கட்டணம்தான். மாசசூசெட்ஸ் 2021இல் வேறு வழி பிடித்தது: பாஸ்டன் ரயிலும் பேருந்தும் தொடும் அல்லது அவற்றை ஒட்டியுள்ள 177 ஊர்கள் தனி அனுமதி கேட்காமலே அடுக்குமாடி கட்டக்கூடிய ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும், இல்லையேல் மாநில நிதிகள் சில நிற்கும். மில்டன் என்ற ஊர் வாக்கெடுப்பில் மறுத்தது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. விரிகுடாப் பகுதியிலும் 2012 முதல் சாலை, போக்குவரத்துக்கான ஒரு நிதியைப் பெற வேண்டுமானால் நகராட்சியின் வீட்டுத் திட்டத்துக்கு மாநில ஒப்புதல் இருக்க வேண்டும். அபராதத்தைவிட இந்த முறை உறைக்கிறது, ஏனெனில் தங்கள் சாலையைச் செப்பனிடும் பணம் நிற்பது வாக்காளர்களின் கண்ணில் படுகிறது.

இப்போது முடிவெடுக்க வேண்டிய வட்டாரத்துக்கு என் பரிந்துரை இது. இயக்கச் செலவுக்குச் சம்பள வரி, வேலைப் பயணத்தின் எல்லை வரை, சட்டமன்றத்தின் மூலம். அதே வரியில் ஒரு நிலையான பங்கு வீட்டுக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆண்டுதோறும் பேசித் தீர்க்கலாம் என்று விட்டால் ரயில் பொறியாளர்களே வெல்வார்கள், ஏனெனில் ஓடுகிற ரயிலை நிறுத்த முடியாது, கட்டாத வீட்டை ஒத்திப்போடலாம். கடன் பத்திரம் வீட்டு மூலதனத்துக்கு மட்டும், அதுவும் இந்தப் பங்கை ஈடாக வைத்து. நில மதிப்பு வருவாய், மனைகளைப் பூட்டிய பிறகு மிஞ்சுவதில். சம்பள வரிக்கு மாநில அரசு இடம் தராத ஊர்கள் வட்டார விற்பனை வரியோடு நிறைவடையலாம், மினசோட்டாவின் வரிப் பகிர்வையும் சேர்த்துக்கொண்டால். சான் பிரான்சிஸ்கோ போன்ற, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கேட்கும் இடங்கள், புதுப் பணத்துக்குக் காத்திருக்காமல் கையிலிருக்கும் சாலை நிதியோடு நிபந்தனையைக் கட்டுவதிலிருந்தே தொடங்குவது நல்லது.

இவற்றில் சம்பள வரிக்கு முதலிடம் தந்ததற்கு இன்னொரு சின்னக் காரணமும் உண்டு. புதுத் தடம் வர பதினைந்து ஆண்டு ஆகும், வீடு எழ ஐந்து ஆண்டு ஆகும். ஐந்தரைக்குக் கிளம்பும் அந்த முதல் பேருந்தை நாலே முக்காலுக்குக் கிளப்ப ஓர் ஓட்டுநரின் கூடுதல் சம்பளமும் பணிமனையைச் சற்று முன்னதாகத் திறக்க ஓர் ஆளும் போதும். வேறெந்தப் பணமும் வந்து சேர்வதற்கு முன், வரி வசூலான முதல் மாதத்திலேயே அதைச் செய்துவிடலாம்.